தூய்மைப் பணியாளர்களுக்குக் கை சுத்தப் பயிற்சி: எந்த வழிக்குச் செலவு செய்யலாம்?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 100 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து 30 பேர். பெரும்பாலும் பெண்கள், எல்லாரும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎச் அமைப்பின் ஆய்வு நெருங்குகிறது. அல்லது ஐசியுவில் அடுத்தடுத்து இரண்டு நோயாளிகளுக்கு ஒரே கிருமி வளர்ந்து, மைக்ரோபயாலஜி டாக்டர் கேள்வி கேட்டிருக்கிறார். உடனே ஒரு கூட்டம். "ஹவுஸ்கீப்பிங் ஸ்டாஃபுக்கு ஹேண்ட் ஹைஜீன் டிரெய்னிங் கொடுத்துடலாம்" என்று முடிவாகிறது. எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கான்ஃபரன்ஸ் ஹாலில் ஒரு மணி நேர வகுப்பு, பதிவேட்டில் கையெழுத்து, குரூப் போட்டோ, டீ, பிஸ்கட். ஃபைல் முடிந்தது.

வேறு வழிகளும் இருக்கின்றன. வாட்ஸ்ஆப்பில் வீடியோ அனுப்பலாம். தொற்றுத் தடுப்பு நர்ஸ் வார்டுக்கே போய் நாலைந்து பேரை நிறுத்திச் செய்து காட்டலாம். பணியாளர்களில் மூத்த ஒருவரையே பயிற்சியாளராக்கலாம். "அதெல்லாம் ஏஜென்சி பொறுப்பு" என்று தள்ளிவிடலாம். பயிற்சிக்கான பணத்தில் நாலு குழாயும் சோப்பும் வைத்துவிட்டு விஷயத்தை முடிக்கலாம். இந்த முடிவை எடுக்க வேண்டிய நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டுக்கும் நிர்வாக மேலாளருக்கும் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹாலில் நடக்கும் ஆண்டு வகுப்பைச் சட்டத்துக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கிவிட்டு, நேரத்தையும் பணத்தையும் வார்டு பயிற்சியில் போட வேண்டும். பிறகு அதை மூத்த பணியாளர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன், எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்வோம்.

நர்ஸுக்கான பாடம் இவர்களுக்குப் பொருந்துமா?

கை சுத்தம் என்றால் எல்லா மருத்துவமனைச் சுவரிலும் இருப்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள். நோயாளியைத் தொடும் முன், சுத்தமான சிகிச்சை வேலைக்கு முன், ரத்தம் முதலான உடல் திரவங்கள் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். 2009-ல் வந்த வழிகாட்டி இது. டாக்டர், நர்ஸ், பிசியோ எல்லாருக்கும் நன்றாகப் பொருந்தும். மாப் பிடிக்கும் அக்காவுக்கு? அவர் ஊசி போடுவதில்லை, கேத்தீட்டர் மாட்டுவதில்லை, நோயாளியைத் தொடுவதே அபூர்வம். ஐந்தில் மூன்றாவதும் ஐந்தாவதும்தான் அவருடைய வேலை நாள் முழுக்க வருபவை. அவருக்குத் தேவையான இன்னும் சில தருணங்கள் அந்தப் பட்டியலில் தனியாக இல்லவே இல்லை. கிளவுஸ் மாட்டும் முன்னும் கழற்றிய பின்னும், கழிப்பறை முடித்து வார்டுக்குள் வரும்போது, மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பை கட்டிய பின், ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நகரும்போது, டிபன் பாக்ஸைத் திறக்கும் முன். படுக்கையில் நோயாளியைத் திருப்பிப் போடவும் பெட்பான் வைக்கவும் கூப்பிடப்படும் ஆயாக்கள் கதை வேறு. அவர்களுக்கு ஐந்தும் வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதே முதல் கோளாறு.

அவர் கைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்களுக்கு: கிருமிகள் காய்ந்த பரப்பில் நாம் நினைப்பதைவிட நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ உள்ளிட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வகைகள் 7 நாள் முதல் 7 மாதம் வரை, நம் ஐசியுக்களின் நிரந்தரத் தலைவலியான அசினெட்டோபாக்டர் 3 நாள் முதல் 5 மாதம் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி இருந்த நோயாளியின் அறையில் அடுத்து வந்து படுப்பவருக்கு அதே கிருமி தொற்றும் அபாயம் கூடுகிறது என்பதும் பல ஆய்வுகளில் வந்த முடிவு. கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்ட், பக்கத்து லாக்கர், காலிங் பெல், கதவுக் கைப்பிடி ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஷிஃப்டில் வரிசையாகத் தொடும் ஒரே ஆள் தூய்மைப் பணியாளர்தான். டாக்டர்கூட அத்தனை கட்டில் கம்பியைத் தொடுவதில்லை.

அப்புறம் கிளவுஸ். இந்த வேலையில் கை சுத்தம் என்பதே பாதி கிளவுஸ் பற்றிய பாடம்தான். காலையில் மாட்டிய ரப்பர் கிளவுஸை டீ நேரத்தில்தான் கழற்றுகிறார்கள். இடையில் கழிப்பறை, வாஷ்பேசின், கட்டில் கம்பி, லிஃப்ட் பட்டன் எல்லாம் ஒரே ஜோடியில் முடிந்துவிடும். கிளவுஸ் அவர் கையைத்தான் காப்பாற்றுகிறது, நோயாளியை அல்ல. இந்த ஒரு வாக்கியம் மனதில் ஏறினால் பயிற்சியில் பாதி வேலை முடிந்தது. வேலை முடிந்ததும் கிளவுஸ் போட்ட கையையே சோப்பு போட்டுக் கழுவி, அதன் பிறகு கழற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மறுபடி வெறும் கையைக் கழுவ வேண்டும். கழிப்பறைக்கு ஒரு நிற ஜோடி, வார்டுக்கு வேறு நிற ஜோடி. கிளவுஸ் மேலேயே சானிடைசரை ஊற்றித் தேய்ப்பது பலர் செய்வது, சூப்பர்வைசர்களே சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அது கூடாது என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிளீச்சிங் தண்ணீரில் வெறும் கையை முக்குவதும் அப்படித்தான். கிருமி போகிறதோ இல்லையோ, தோல் போய்விடும். வெடித்த தோலில் கிருமி இன்னும் வசதியாகக் குடியேறும்.

இந்தப் பாடத்தை எந்த வழி ஒழுங்காகக் கொண்டு சேர்க்கிறது என்பதுதான் ஒப்பீட்டின் அளவுகோல்.

ஹாலில் ஆண்டுக்கு ஒருமுறை வகுப்பு

இதை முழுக்கத் தூக்கிப்போட முடியாது. 2016-ம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் எல்லாருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்கின்றன. ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் ஆண்டுக்கொரு உடல் பரிசோதனையும் அதே விதியில் வருகின்றன. பயிற்சி விவரத்தை ஆண்டறிக்கையில் காட்டவும் வேண்டும். ஆக, கையெழுத்துப் பதிவேடு தேவைதான். எந்த நிறப் பையில் எது என்பதையும், ஊசி குத்தினால் யாரிடம் போக வேண்டும் என்பதையும் ஹாலில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம்.

கை கழுவுவதை அப்படிக் கற்க முடியாது. பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்லைடு பார்ப்பவருக்கு, நைட் டூட்டி முடித்த அசதியில் கண் சொருகும். ஷிஃப்ட் இல்லாதவர்களை மதியம் வரச்சொன்னால் பஸ் செலவு அவர்கள் தலையில், அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. பேசுபவர் பாக்டீரியாவின் பெயரை உச்சரிக்கும் அழகில் அறை வாயடைத்துப் போகும், அவ்வளவுதான். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. ஏஜென்சி ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஜூனில் வகுப்பு நடந்தால் ஜூலையில் சேர்ந்தவர் அடுத்த ஜூன் வரை எதுவும் கேட்காமலே ஐசியுவைத் துடைத்துக்கொண்டிருப்பார். சேரும்போதும் பயிற்சி என்று விதி சொல்வது இதற்காகத்தான். ஆனால் நடைமுறையில் "அடுத்த பேட்சோட சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போய்விடும்.

வாட்ஸ்ஆப் வீடியோ

செலவே இல்லை என்பதுதான் இதன் கவர்ச்சி. 3 நிமிட வீடியோவை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் ஹவுஸ்கீப்பிங்கில் ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே வீடியோ அனுப்பிவிடலாம். தமிழில் மட்டும் கத்திக்கொண்டிருக்கும் சூப்பர்வைசரைவிட அது மேல்.

ஆனால் பார்த்தார்களா, புரிந்ததா, செய்கிறார்களா என்பது எதுவும் தெரியாது. நீலக் குறி விழுந்தால் பயிற்சி ஆகிவிடாது. எல்லாரிடமும் டேட்டா உள்ள ஃபோன் இருக்காது, வீட்டில் ஒரே ஃபோன் மகன் கையில் இருக்கும். டூட்டி நேரத்தில் பார்த்தால் "வேலையை விட்டுட்டு ஃபோனா?" என்று திட்டு விழும். வார்டில் கிளவுஸ் கையோடு ஃபோனை எடுத்தால் அந்த ஃபோனே இன்னொரு அழுக்குப் பரப்பு. வீடியோவை நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம். பயிற்சி என்று கணக்கெழுதக் கூடாது.

வார்டிலேயே, நாலைந்து பேராக

என் ஓட்டு இதற்கு. தொற்றுத் தடுப்பு நர்ஸ் மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழுவுடனும் 15 நிமிடம், அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே, அவர்களுடைய பக்கெட், அவர்களுடைய குழாய், அவர்களுடைய கிளவுஸோடு. ஒரு மாதம் கிளவுஸ் கழற்றுவது மட்டும். அடுத்த மாதம் கழிப்பறையிலிருந்து வார்டுக்கு மாறும் இடம் மட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது.

இதில் ஒரு கருவி மட்டும் வாங்கச் சொல்வேன்: புற ஊதா வெளிச்சத்தில் ஒளிரும் லோஷனும் ஒரு கையடக்க டார்ச்சும். டார்ச் சில நூறு ரூபாய்தான். லோஷனைக் கையில் தடவிக்கொண்டு, வழக்கம்போலக் கழுவச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்த ஸ்டோர் ரூமில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை சுத்தமாக இருக்கும். கட்டைவிரலின் அடிப்பக்கம், நகக்கண், விரல் இடுக்கு, கண்ணாடி வளையலுக்குக் கீழே ஒரு வளையம், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் நீலமாகப் பளபளக்கும். பிரிட்டனில் 1978-ல் வெளியான நர்ஸ்களின் கைகழுவல் ஆய்வு ஒன்று தவறிப்போவதாகக் காட்டிய இடங்களும் இவையேதான்: விரல் நுனி, கட்டைவிரல், இடுக்கு. "நல்லாத்தானே சிஸ்டர் கழுவினேன்" என்பார்கள். திட்ட வேண்டியதே இல்லை, டார்ச் பேசிக்கொள்ளும். வளையலைக் கழற்றுங்கள் என்று ஆயிரம் முறை சொல்லி நடக்காதது இந்த ஒரு பார்வையில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த கட்டமாக, யாருக்கும் சொல்லாமல் ஒரு கட்டில் கம்பியில் கொஞ்சம் லோஷனைத் தடவிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு சுற்றி வந்தால் இன்னும் சுவாரசியம். மாப் கம்பு, பக்கெட் கைப்பிடி, ஐடி கார்டு, ஃபோன் கவர், சில நேரம் டீ டம்ளர் வரை அது போயிருக்கும். அந்த டம்ளரைப் பார்த்த பிறகு டீக்கு முன் கைகழுவச் சொல்லி யாரும் போர்டு வைக்க வேண்டியதில்லை.

கைகழுவும் நேரக் கணக்கும் இங்கேதான் புரியும். சோப்பும் தண்ணீரும் என்றால் ஆரம்பம் முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. ஆல்கஹால் ரப் (கையில் தேய்க்கும் சானிடைசர்) என்றால் 20 முதல் 30 விநாடி, அதுவும் காயும் வரை தேய்க்க வேண்டும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தால் ரப் பயன்படாது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, சோப்பு போட்டுத் தேய்த்து ஓடவிடத்தான் வேண்டும். ரப்பர் கிளவுஸுக்குள் வியர்த்து ஊறிய ஈரக் கையில் ரப் சரியாக வேலை செய்யவும் செய்யாது. ஆகவே நர்ஸுக்கு முதல் தேர்வு ரப் என்றால், இவர்களுக்குப் பல நேரம் முதல் தேர்வு குழாய்தான். இந்த வித்தியாசத்தைச் சுவரில் ஒட்டிய போஸ்டர் சொல்லாது.

செலவைப் பார்ப்போம். ஹாலில் ஒரு மணி நேரம் 30 பேர் உட்கார்ந்தால் ஆண்டுக்கு 30 மணி நேர வேலை போகிறது. வார்டில் மாதம் 15 நிமிடம் என்றால் ஆண்டுக்கு 90 மணி நேரம், மூன்று மடங்கு. நர்ஸுக்கு ஐந்து பேர் வீதம் ஆறு குழு, மாதம் ஒன்றரை மணி நேரம், ஆண்டுக்கு 18 மணி நேரம். மூன்று மடங்கு என்றதும் மேனேஜர் முகம் சுருங்கும். ஒருவருக்கு ஆண்டுக்கு 3 மணி நேரம் என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், சுருக்கம் கொஞ்சம் விலகும். உண்மையான இடைஞ்சல் நர்ஸின் நேரம்தான். 250 படுக்கைக்கு ஒரு முழுநேரத் தொற்றுத் தடுப்பு ஊழியர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்சம், 100 படுக்கைக்கு ஒருவர் என்றால் நல்லது. சிறிய மருத்துவமனைகளில் அந்தப் பொறுப்பை வைத்திருப்பவர் கூடவே வார்டையும் பார்த்துக்கொண்டு, ஆய்வுக்கு ஃபைலும் எழுதிக்கொண்டிருப்பார். நைட் ஷிஃப்ட் குழு எப்போதும் விடுபட்டுப் போகும். அவர்களைக் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பிடித்தால்தான் உண்டு, அதுவும் அவர்கள் பஸ்ஸைத் தவறவிடாமல்.

மூத்த பணியாளரே சொல்லிக்கொடுத்தால்?

நர்ஸின் நேரம் போதாது என்பதற்கு இதுதான் நல்ல விடை. தூய்மைப் பணியாளர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு பயிற்சியாளர் தொகுப்பு வெளியிட்டது. வளம் குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளை மனதில் வைத்து, அதிகம் படிக்காதவர்களும் செய்து பார்த்துக் கற்கும்படி அமைத்தது. அதையே எடுத்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று அக்காக்களைத் தயார் செய்யலாம்.

பலன் என்னவென்றால், அவருக்கு வேலையின் நெளிவுசுளிவு தெரியும். எந்தக் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக வரும், எந்த சிஸ்டர் அவசரப்படுத்துவார், எந்த நேரத்தில் கைகழுவ முடியாமல் போகிறது என்பதெல்லாம் நர்ஸுக்குத் தெரியாதவை. புதிதாகச் சேர்ந்த பெண் சந்தேகத்தைக் கூச்சமில்லாமல் இவரிடம் கேட்பார். "டாக்டரே கைகழுவாம அடுத்த பெட்டுக்குப் போறாரே, அவரை யார் கேக்குறது?" என்ற கேள்வி ஹாலில் வராது, வார்டிலும் நர்ஸ் முன்னால் வராது. இவரிடம் நிச்சயம் வரும். அதற்கு நேர்மையான பதில் தேவை: "கேட்க வேண்டியது நாங்கதான், நீங்க எங்கிட்ட சொல்லுங்க" என்று தொற்றுத் தடுப்புக் குழு அவருக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சி கேலிக்கூத்தாகிவிடும்.

சிக்கலும் இருக்கிறது. "நேத்து வரைக்கும் நம்மோட மாப் போட்டவ இன்னைக்கு டீச்சரா?" என்ற முணுமுணுப்பு வரும். ஏஜென்சி சூப்பர்வைசருக்குத் தன் அதிகாரம் போகிறதே என்று உள்ளே எரியும். மாதம் ஒரு சிறு தொகை, வேறு நிறப் பேட்ஜ், சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு வேலைக் குறைப்பு, இவை மூன்றும் இல்லாமல் பட்டம் மட்டும் கொடுத்தால் அது கூடுதல் சுமைதான். தவறான பழக்கமும் இவர் வழியாகவே பரவும் வாய்ப்பு உண்டு. ஆகவே முதல் 3 மாதம் நர்ஸ் நடத்த வேண்டும், இவர்கள் கூட நிற்க வேண்டும். பிறகு இவர்கள் நடத்த, நர்ஸ் கூட நிற்க வேண்டும். அதன் பிறகுதான் தனியாக விட வேண்டும். தனியாக விட்ட பிறகும் மாதம் ஒருநாள் டார்ச்சோடு எட்டிப் பார்ப்பது நல்லது.

ஏஜென்சியிடம் விட்டால்

சுருக்கமாகச் சொல்கிறேன்: வேண்டாம். அவர்கள் கொடுக்கும் சான்றிதழ் பெரும்பாலும் எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே தாள், ஐடி கம்பெனி மாடியைத் துடைப்பவருக்கும் ஐசியுவைத் துடைப்பவருக்கும் அதே பாடம். கழிவு விதிகளின்படி பயிற்சிப் பொறுப்பு மருத்துவமனையை நடத்துபவருடையது. ஆட்கள் ஏஜென்சியுடையவர்கள் என்று கைகாட்டித் தப்பிக்க முடியாது.

குழாய்க்கா, பயிற்சிக்கா?

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் குழாய்க்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே குழுவினர் 1994 டிசம்பரிலிருந்து 1997 வரை நடத்திய முயற்சிதான் இன்றைய கை சுத்த இயக்கத்துக்கு அடிப்படை. கை சுத்தம் கடைப்பிடிப்பது 48 விழுக்காட்டிலிருந்து 66-க்கு உயர்ந்தது, அதே காலத்தில் மருத்துவமனைத் தொற்று 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9-க்கு இறங்கியது. அவர்கள் செய்தது வெறும் வகுப்பு அல்ல. ஒவ்வொரு படுக்கை அருகிலும் ஆல்கஹால் ரப் வைத்தார்கள், கண்காணித்து முடிவைத் திருப்பிச் சொன்னார்கள், போஸ்டர் ஒட்டினார்கள், தலைமையே முன்னால் நின்றது. உலக சுகாதார நிறுவனம் பிறகு ஐந்து அங்கங்களாக வகுத்த உத்தியிலும் வசதி செய்து தருவதுதான் முதலில் வருகிறது, பயிற்சி இரண்டாவது.

நம் மருத்துவமனைகளில் தூய்மைப் பணியாளர் கைகழுவும் இடம் எது என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள். நர்சிங் ஸ்டேஷன் வாஷ்பேசினில் கழுவினால் "இங்க ஏம்மா?" என்று கேட்பார்கள். நோயாளி கழிப்பறைக் குழாயில் கழுவினால் கழுவியதற்கு அர்த்தமில்லை. அழுக்குத் தண்ணீர் கொட்டும் தொட்டியும் கை கழுவும் தொட்டியும் ஒன்றாக இருக்கும் இடங்கள் ஏராளம். சோப்பு, கரைந்து கூழான ஒரு துண்டு. துடைக்கச் சேலைத் தலைப்பு. இந்த நிலையில் ஆறு படி கைகழுவலைச் சொல்லிக்கொடுப்பது அவரைக் கேலி செய்வது. மாடிக்கு ஒரு வாஷ்பேசின் அவருக்கென, முழங்கையால் திறக்கும் குழாய், திரவ சோப்பு, பேப்பர் டவல், கழற்றிய கிளவுஸ் தொங்கவிட ஒரு கொக்கி. கொக்கியை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. அது இல்லாமல்தான் ஈர கிளவுஸ் பக்கெட்டுக்குள் கிடந்து ஊறுகிறது.

பலனை எதில் பார்ப்பது?

'பயிற்சிக்குப் பின் தொற்று இவ்வளவு குறைந்தது' என்று மேனேஜ்மென்ட் ஒரு எண்ணைக் கேட்கும். 100 படுக்கை மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர் பயிற்சியை மட்டும் வைத்து அப்படி ஒரு எண்ணைச் சில மாதத்தில் காட்ட முடியாது. காட்டுபவரை நம்பவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 11 மருத்துவமனைகளில் நடந்து 2019-ல் வெளியான ரீச் ஆய்வு, தூய்மைப் பணியாளர்களுக்குப் பயிற்சி, தணிக்கை, பின்னூட்டம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. அடிக்கடி கைபடும் இடங்களைச் சரியாகத் துடைத்தது கழிப்பறையில் 55 விழுக்காட்டிலிருந்து 76-க்கும், படுக்கை அறையில் 64-லிருந்து 86-க்கும் ஏறியது. வான்கோமைசின் மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் தொற்று 37 விழுக்காடு குறைந்தது. ஆய்வு கவனித்த மற்ற இரண்டு கிருமிகளான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் ஆகியவற்றில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. அத்தனை பெரிய ஆய்விலேயே கதை இப்படிக் கலவையாகத்தான் இருக்கிறது.

ஆகவே செயலை அளக்க வேண்டும். உயரதிகாரி குறிப்பேட்டோடு நின்றால் எல்லாரும் கைகழுவுவார்கள், அவர் நகர்ந்ததும் பழைய கதை. மாடிவாரியாக மாதம் எவ்வளவு திரவ சோப்பு, ரப், கிளவுஸ் செலவாகிறது என்று ஸ்டோரில் கேட்பது இதைவிட நம்பகமானது. இரவில் சில கட்டில் கம்பிகளில் ஒளிரும் புள்ளி வைத்து மறுநாள் மதியம் டார்ச் அடித்தால் துடைத்தது தெரியும். கிளவுஸ் கழற்றுவதை ஒருவர் ஒருவராகச் செய்துகாட்டச் சொல்லிப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு வேண்டாம். நன்றாக வேலை செய்யும் பலருக்கு எழுதுவது பயம். மின்னணு பேட்ஜ் வைத்துக் கைகழுவலை எண்ணும் கருவிகளை விற்க வருவார்கள். அந்தப் பணத்தில் கிளவுஸ் வாங்கலாம்.

எந்த மருத்துவமனைக்கு எது?

மேலே சொன்ன 100 படுக்கை மருத்துவமனைக்கு: முதல் மாதம் குழாயும் கொக்கியும், அடுத்த 3 மாதம் நர்ஸ் நடத்தும் வார்டு பயிற்சி, பிறகு மூத்த பணியாளர்கள் மூவர். கழிவு விதிக்கான ஹால் வகுப்பு அரை மணி நேரத்தில் முடியட்டும். வீடியோ நினைவூட்டலுக்கு.

20, 30 படுக்கை நர்சிங் ஹோமில் தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார். அங்கே ஆறேழு பணியாளர்களே இருப்பதால் குழு பிரிக்கும் பேச்சே இல்லை. தலைமை நர்ஸும் ஒரு டார்ச்சும் போதும். நூற்றுக்கணக்கில் ஒப்பந்தப் பணியாளர் உள்ள பெரிய அரசு மருத்துவமனையில் கதை தலைகீழ். நர்ஸ் ஒவ்வொரு குழுவாகச் சுற்றி வருவதற்குள் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். அங்கே முதல் நாளிலிருந்தே மூத்த பணியாளர் வழிதான் ஓடும். அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்கு மதிப்பெண் போடும் மத்திய அரசின் காயகல்ப் மதிப்பீட்டில் கை சுத்தத்துக்கும் மதிப்பெண் இருப்பதால் அதைச் சொல்லியே நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கலாம்.

ஏஜென்சி ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது மூன்று வரி சேர்த்துவிடுங்கள். பயிற்சி நேரம் சம்பள நேரம். புதிதாக வருபவர் முதல் ஷிஃப்டில் மூத்த பணியாளரோடு ஒரு மணி நேரம் நின்று, கிளவுஸ் மாட்டிக் கழற்றிக் காட்டிய பிறகே தனியாக வார்டுக்குள் போகலாம். பயிற்சி பெற்றவரை மருத்துவமனைக்குச் சொல்லாமல் வேறு சைட்டுக்கு மாற்றக் கூடாது. மூன்றாவது வரிக்கு ஏஜென்சி பேரம் பேசும். கடைசியில் 15 நாள் முன்னறிவிப்பு என்பதில் வந்து நிற்கும். அதற்குச் சம்மதிக்கலாம், புதிதாக வருபவரைத் தயார் செய்ய அந்த அவகாசம் போதும்.